வீட்டில் வாய்ஸ் ஓவர் பதிய அடக்கமான மைக்: எதை வாங்கலாம்?

பாளைவாசிப்பு (பெருமாள்புரம்)

எல்லாருக்கும் வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களையும் டிஎன்பிஎஸ்சி குறிப்புகளையும் வாசித்துப் பதிந்து கொடுக்கிறேன். இதுவரை எல்லாம் போனில்தான். இப்போது இணையவழிப் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தார் ஏழாம் வகுப்பு அறிவியலுக்குக் குரல் கொடுக்க மாதிரி கேட்டார்கள். அனுப்பினேன். "வாசிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் அறை எதிரொலியும் இரைச்சலும் அதிகம். சரிசெய்து இன்னொன்று அனுப்புங்கள்" என்று பதில் வந்தது.

எங்கள் வீடு முதல் மாடி. கான்கிரீட் தளம், மொசைக் தரை. அறையில் ஒரு கட்டில், இரும்பு பீரோ, மகன் படிக்கிற மேசை. அந்த மேசையில்தான் நானும் பதிய வேண்டும், முடிந்ததும் எடுத்து டிராயரில் வைத்துவிட வேண்டும். அதனால்தான் சின்ன மைக்காகத் தேடுகிறேன். மேலே சீலிங் ஃபேன். லேப்டாப் பழையது, ஆனால் நன்றாக ஓடுகிறது. என் குரல் மெலிந்த குரல்.

ரோட் என்டி-யூஎஸ்பி மினி, ஃபிஃபைன் அல்லது மாவோனோ கண்டென்சர் செட், சாம்சன் கியூ2யூ, போயா காலர் மைக், இவ்வளவும் பார்த்து வைத்திருக்கிறேன். பத்தாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர்காற்று

டீச்சர், பத்தாயிரம் எதற்கு? போயா பிஒய்-எம்1 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆறு மீட்டர் வயர், போனிலேயே சொருகலாம். என் வாழைத்தோப்பு வீடியோ எல்லாம் அதில் பதிந்ததுதான். ஆடிக் காற்றில்கூட, ரோமத் தொப்பி மாட்டிச் சட்டைக்குள் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் பேச்சு நன்றாக விழுகிறது. மீதிப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைஒலி (சவுண்ட் சர்வீஸ்)

வள்ளியூர் தம்பி சொல்வது தோப்புக்குச் சரி. அங்கே சுவர் இல்லை, எதிரொலியும் இல்லை. காலர் மைக் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும். டீச்சர் வீட்டு மொசைக் தரையில் பட்டுத் திரும்புகிற சத்தத்தையும் விடாமல் வாங்கும். அவர்களுக்கு வந்த புகாரே அதுதானே.

எங்கள் வேலை பெரும்பாலும் கோயில் கொடைக்கு மைக் செட் போடுவது. வில்லுப்பாட்டு மேடையைப் பார்த்திருப்பீர்கள். பாடுகிறவருக்கு எட்டுகிற தூரத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் ஒன்றாக முழங்கும். வெளியே ஹார்ன் வேறு. அதற்கு நடுவே ஒருவர் கதை சொல்வது ஊர்க்கோடி வரை விளங்க வேண்டும். டைனமிக் மைக்கை, அதாவது உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ள வகையை, வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் அது நடக்கிறது. ஷூர் எஸ்எம்58 வந்தது 1966-ல். இன்றைக்கும் மேடை மேடையாக நிற்கிறது. கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டுப் பேசலாம்.

வீட்டுக்கு அதே வகையில், யூஎஸ்பியும் சேர்ந்து வருவது சாம்சன் கியூ2யூ. இன்னொன்று ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ். இரண்டுமே கைமைக் வடிவம், டிராயருக்குள் அடங்கும். யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் சொருகியும் இரண்டிலும் உண்டு. இன்று லேப்டாப்பில் சொருகலாம், நாளை மிக்ஸர் வாங்கினால் அதிலும் சொருகலாம். டைனமிக் வாங்குங்கள், டீச்சர். அது சுற்றுச் சத்தத்தை எடுக்காது.

சாரல்குரல் (தென்காசி)

அண்ணாச்சி, மேடை விஷயத்தில் உங்கள் சொல்லுக்கு மறு சொல் இல்லை. ஆனால் பாடம் வாசிப்பது வேறு. நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கும் பாடங்களுக்கும் குரல் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கண்டென்சர் என்பது மெல்லிய சவ்வும் மின்சாரமும் வைத்து வேலை செய்கிற மைக். அதில் "ஒளிச்சேர்க்கை" என்று சொன்னால் ளகரத்தில் நாக்கு மடிவதும் க்கை முடிகிற இடமும் தனித்தனியாகக் கேட்கும். பல டைனமிக் மைக்குகளில் அந்த நுணுக்கம் மழுங்கிவிடுகிறது. டீச்சருக்கோ மெலிந்த குரல். டைனமிக்கில் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டக் கூட்ட "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

என் ஓட்டு ரோட் என்டி-யூஎஸ்பி மினிக்கு. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அடியில் காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டாண்டு, ஹெட்போன் சொருக இடம், வாய்க்காற்றைத் தடுக்க உள்ளேயே பாப் ஃபில்டர். ஸ்டுடியோ கண்டென்சர்களுக்கு வயர் வழியே கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரத்துக்கு (ஃபாண்டம் பவர்) தனிப் பெட்டியும் வேண்டாம், யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் பேசுகிற மைக் அது. வாங்குகிற பலர் அதன் தலையைப் பார்த்துப் பேசிவிட்டு "குரல் சரியாக விழவில்லை" என்கிறார்கள். பெயர் போட்ட முகம்தான் வாயைப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். என் அறையில் ஃபேன் ஓடாது.

கடையம்மொபைல்

ஃபேன் ஓடாமல் மே மாதம் எப்படி அக்கா?

சாரல்குரல்

விடியற்காலையில் பதிகிறேன், தம்பி. ஒரு பாடம் முடிந்ததும் வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு அடுத்தது. அதுவும் குயில் கூவத் தொடங்கும் வரைதான். சித்திரையில் அது முந்திக்கொள்ளும்.

அம்பைக்காரன்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. எஞ்சிய பாதியைக் கணக்கோடு பார்த்துவிடலாம்.

சாதாரணமாகப் பேசுகிற குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் இருக்கும். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அரை மீட்டரில் 66, கால் மீட்டரில் 72, அதிலும் பாதியில், அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டரில், 78. ஃபேன் சத்தமோ மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். அறை எதிரொலியும் அப்படித்தான். எனவே அரை மீட்டரில் கிடந்த போனை விட்டு, பன்னிரண்டரை சென்டிமீட்டரில் ஒரு மைக்கை வைத்தாலே, அது எந்தக் கம்பெனி மைக்காக இருந்தாலும், இரைச்சலைக் காட்டிலும் குரல் 12 டெசிபல் மேலே வந்துவிடும். இவ்வளவு பெரிய லாபத்தை வேறு எந்தச் செலவும் தராது.

நெல்லைஒலி அண்ணாச்சி எழுதியது: "டைனமிக், அது சுற்றுச் சத்தத்தை எடுக்காது."

இதைத் திருத்த வேண்டியிருக்கிறது, அண்ணாச்சி. ஒரு டைனமிக், ஒரு கண்டென்சர், இரண்டும் கார்டியாய்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது முன்பக்கம் நன்றாகக் கேட்டு, பின்பக்கம் கேட்காத வகை. இரண்டையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் பதியும்படி கெயினைச் சரிசெய்தால், அறைச் சத்தமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். கண்டென்சருக்கு உச்ச ஸ்தாயி கூடுதலாகக் கேட்பதால் அங்கே கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். மேடையில் டைனமிக் ஜெயிப்பதற்குப் பெரிய காரணம், அதை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறோம். கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம்.

சாரல்குரல் அக்கா சொன்ன "ஸ்ஸ்" இரைச்சல் உண்மை. ஆனால் அது கேட்க வேண்டுமானால் அறை அதைவிட அமைதியாக இருக்க வேண்டும். ரோட் என்டி1 போன்ற ஸ்டுடியோ மைக்குகளின் சொந்த இரைச்சல் 4 டெசிபல் அளவில்தான். ஃபேன் ஓடும் அறையிலோ 40 டெசிபலுக்கு மேல் போகும். அங்கே அந்த 4 டெசிபலுக்குக் காசு கொடுப்பதில் பொருள் இல்லை.

டீச்சர், பதிகிற இடத்தில் உட்கார்ந்து பலமாக ஒருதடவை கை தட்டுங்கள். என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் மைக் பேசலாம்.

பாளைவாசிப்பு (பெருமாள்புரம்)

எல்லாருக்கும் நன்றி. கை தட்டினேன். "டங்" என்று ஒரு சத்தம் மேலே சுற்றி வந்து அடங்குகிறது. பீரோவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே உட்கார்ந்தால் இன்னும் அதிகம். அந்தச் சுவரில் பத்தமடைப் பாய் தொங்கவிட்டால் போதும் என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார்கள். முட்டை அட்டை ஒட்டச் சொல்லியும் ஒருவர் சொன்னார். எது வேலை செய்யும்?

அம்பைக்காரன்

இரண்டுமே போதாது. சத்தத்தை விழுங்குவதற்குக் கனமும் பருமனும் வேண்டும். பருமன் எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்குக் கீழ் ஸ்தாயியும் அடங்கும். பத்து சென்டிமீட்டர் பருமனுள்ள பஞ்சு சுமார் 850 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாக வேலை செய்யும். பத்தமடைப் பாய் அருமையான நெசவு, ஆனால் மெல்லிசு. முட்டை அட்டையும் அப்படியே, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் தொடும், அதோடு சரி. பேச்சின் கனம் இருக்கிற கீழ்ப்பகுதி அப்படியே திரும்பி வரும்.

வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதா? அதைத் தூக்கி உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்டியாய்டு மைக் பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். அந்தச் சுவரைத்தான் முதலில் மூட வேண்டும். இடைவெளி விட்டுச் சாய்த்தால் இன்னும் நல்லது.

அப்புறம் பீரோ. கதவைத் திறந்து வைத்தால் உள்ளே அடுக்கியிருக்கிற சேலைகள் நன்றாக விழுங்கும். மூடியிருந்தால் அது இரும்புத் தகடு, கூடச் சேர்ந்து அதிரவும் செய்யும். மேசைமேல் மடித்த ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். வெறும் மேசையில் பட்டு ஏறுகிற சத்தம் குரலோடு கலந்து டப்பா மாதிரி ஆக்கிவிடும்.

நெல்லைஒலி (சவுண்ட் சர்வீஸ்)

அம்பைத் தம்பி திருத்தியது சரிதான், தூரம்தான் பெரிய காரணம். ஆனாலும் நான் டைனமிக்கைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது எல்லா மேசை மைக்குக்கும் பொருந்தும், கேளுங்கள்.

யூஎஸ்பி மைக் வாங்கினால் கூடவே ஒரு குட்டி ஸ்டாண்டு வரும். மேசையில் வைத்தால் மைக் உங்கள் நெஞ்சுக்குக் கீழே நிற்கும். வாய்க்கு நேராக வரட்டும் என்று அதை மேல்நோக்கிச் சாய்ப்பீர்கள். சாய்த்த மைக் உங்கள் வாயைத் தாண்டி எதைப் பார்க்கிறது? சீலிங் ஃபேனைப் பார்க்கிறது! கார்டியாய்டு மைக்கின் நல்ல காதைத் தூக்கி ஃபேனுக்கு நேராகப் பிடித்துவிட்டு, ஃபேன் சத்தம் கேட்கிறது என்று சொல்கிறோம்.

மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டும் கைத்தண்டு விற்கிறது. விலை அதிகமில்லை. அதில் மைக்கை மேலேயிருந்து தொங்கவிட்டு, நெற்றி உயரத்திலிருந்து வாயை நோக்கிக் கீழே சாயுங்கள். இப்போது மைக்கின் முதுகு ஃபேனைப் பார்க்கும். கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால்தான் செவிட்டுப் பக்கம். ஃபேன் காற்றும் நேரே மைக் வலையில் அடிக்காது. பதிந்து முடித்துத் தண்டை மடக்கினால் மகன் படிக்க மேசை காலி.

கைமைக் வடிவத்தில் இருப்பதை இப்படி எந்தக் கோணத்திலும் பிடிக்கலாம். உருண்டை ஸ்டாண்டோடு வரும் மைக்கில் சிலவற்றைத் தண்டில் மாட்ட முடியாது. எந்த மைக் வாங்கினாலும் திருகாணி இருக்கிறதா, தண்டில் ஏறுமா என்று பார்த்துக்கிடுங்கள்.

சாரல்குரல் (தென்காசி)

இது நான் யோசிக்காத கோணம், அண்ணாச்சி. என்டி-யூஎஸ்பி மினியையும் அந்த அடித்தட்டிலிருந்து கழற்றித் தண்டில் மாட்டலாம், திருகு இருக்கிறது. உருவம் சின்னது என்பதால் பக்கவாட்டில் பிடித்தாலும் புத்தகத்தை மறைக்காது.

ஒலிவாசகன் (மேலப்பாளையம்)

எனக்குப் பார்வை கிடையாது. திரைவாசிப்பான் வைத்துத்தான் இந்த இழையைப் படித்தேன். டீச்சர் அனுப்புவது போன்ற பதிவுகளைக் கேட்டுத்தான் நாங்கள் பரீட்சைக்குப் படிக்கிறோம். அதனால் கேட்கிற பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

நாங்கள் பதிவை நீங்கள் வாசித்த வேகத்தில் கேட்பதில்லை. பாடம் பழகிய பிறகு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகம். ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. அந்த வேகத்தில் எதிரொலிதான் முதல் எதிரி. ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். "பரப்பு", "பரவல்", "பருமன்" எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃபேன் இரைச்சல் அவ்வளவு தொந்தரவு இல்லை. ஒரே சீராக ஓடுகிற சத்தத்தைக் காது தள்ளிவிடும்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் அளவுக்கு மீறித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்கவே முடியாது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். மெய்யெழுத்தெல்லாம் கரைந்துவிடும். அதற்குப் பதில் ஃபேன் சத்தமே இருக்கட்டும்.

அடுத்தது சத்த அளவு. ஒரு பாடம் உரக்க, அடுத்தது மெலிதாக இருந்தால் இயர்போனில் திடுக்கென்று இருக்கும். மைக்கை ஒவ்வொரு நாளும் ஒரே தூரத்தில் வையுங்கள். பளபளப்பான குரல் எனக்கு வேண்டாம். முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை ஒரே குரலாக இருந்தால் போதும்.

பாளைவாசிப்பு (பெருமாள்புரம்)

தம்பி, இதை யாரும் இதற்கு முன்னால் எனக்குச் சொல்லவில்லை. மிக்க நன்றி. இனி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் அளந்து வைத்துக்கொள்கிறேன்.

அம்பைக்காரன்

ஒரு சாண் கொஞ்சம் தூரம். அதைவிடக் குறைவாக, முஷ்டி மடக்கிக் கட்டைவிரலை நீட்டினால் வரும் அளவு போதும். அதற்கும் கிட்டே போனால் வேறு பிரச்சினை: கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்கக் கீழ் ஸ்தாயி வீங்கும். மெலிந்த குரலுக்குக் கொஞ்சம் கனம் சேர்வது நல்லதுதான், அளவோடு இருக்கட்டும்.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பெண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 165 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். அதனால் குரலுக்குச் சேதம் இல்லை. மேசை அதிர்வும் தெருவில் போகிற பஸ்ஸின் உறுமலும் பெருமளவு போய்விடும். இரைச்சல் நீக்கும் கருவியை 6 டெசிபல், மிஞ்சினால் 12, அதற்கு மேல் தள்ள வேண்டாம். ஒலிவாசகன் சொன்ன தண்ணீர்க் குரல் அங்கிருந்துதான் வருகிறது.

அளவுக்கு ஒரு குறி வேண்டுமானால், ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் ஒலிநூலுக்குக் கேட்பதை எடுத்துக்கொள்ளலாம். பதிவில் சுழியம்தான் உச்ச எல்லை, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ் டெசிபல். சராசரிச் சத்தம் மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவே, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. இதை எட்டினால் இரைச்சல் என்று திருப்புவது அரிது.

கடையம்மொபைல்

குறுக்கே வருகிறேன். மாவோனோ பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. கியூ2யூவில் 48 தான். அப்படியானால் மாவோனோ நாலு மடங்கு மேல் இல்லையா? அப்புறம், போனில் சொருக முடியுமா?

அம்பைக்காரன்

இல்லை. அந்த எண், ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறது என்பது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி முழுதும் அடங்கிவிடும். மனிதக் காதுக்கு எல்லை 20. பேச்சுக்கு 192-ல் பதிந்தால் கோப்புதான் பெருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மைக் வாங்க வேண்டாம்.

யூஎஸ்பி கருவியைப் போனோடு இணைக்கும் ஓடிஜி வயர் போட்டுச் சொருகலாம். பல போன்கள் எடுத்துக்கொள்ளும், சில போன்கள் மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்காது. வாங்கும் முன் ஒருமுறை சொருகிப் பார்த்துவிட வேண்டும்.

பொருநைக்கரை

இழையைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். பதிவின் அடியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் வருகிறது. ஃபேனை நிறுத்தினாலும் போகவில்லை.

நெல்லைஒலி (சவுண்ட் சர்வீஸ்)

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பாருங்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத சார்ஜர் வழியாக அந்த 50-ம் அதன் இரட்டிப்பு 100-ம் மைக் வயருக்குள் ஏறும். பேட்டரியில் ஓடும்போது உறுமல் நின்றுவிட்டால் காரணம் அதுதான். நிற்கவில்லை என்றால் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

பொருநைக்கரை

கழற்றியதும் நின்றுவிட்டது. நன்றி, அண்ணாச்சி.

சாரல்குரல் (தென்காசி)

டீச்சர் முடிவெடுக்கும் முன் கண்டென்சர் பற்றி இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாரல் காலத்தில் இங்கே துணிகூடக் காயாது. கண்டென்சரின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் "பட் பட்" என்று பொரியும், சில நேரம் குரலே மங்கும். பதிந்து முடித்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுவேன். கடலோர ஊர்க்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாளையில் அவ்வளவு ஈரம் இல்லை, ஆனால் டிராயருக்குள் சும்மா போட்டுவைக்கிற பழக்கம் டைனமிக்குக்குத்தான் ஒத்துவரும்.

நான் கண்டென்சரை விடப்போவதில்லை. என் அறை அதற்கு ஏற்ற மாதிரி, என் நேரமும் அப்படி. டீச்சர் பகலில், ஃபேனுக்குக் கீழே, பிள்ளை படிக்கிற மேசையில் பதிகிறவர்கள். அவர்களுக்கு என்றால் அண்ணாச்சி சொன்னதே சரி என்று இப்போது படுகிறது. ஆனால் ஒன்று டீச்சர், மைக்கை நேரே வாய்க்கு எதிரே வைக்காதீர்கள். வாயோரத்தில் கொஞ்சம் ஒதுக்கிச் சாய்த்து வையுங்கள். "வெப்பப் பரப்பு", "அப்பொருள்" என்று வரும்போது உதட்டிலிருந்து வரும் காற்று மைக்கைத் தொடாமல் தாண்டிப் போகும். "கார்பன் டை ஆக்ஸைடு" என்று சொல்லும்போது ஸகரம் கீச்சிடுவதும் குறையும். பஞ்சு உறை மட்டும் இருந்தால் அந்தக் காற்று முழுசாக நிற்காது.

நெல்லைஒலி (சவுண்ட் சர்வீஸ்)

டீச்சர், வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் ஒரு கியூ2யூ இருக்கிறது, கூட்டங்களை இணையத்தில் நேரலை போடும்போது எடுப்போம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் வரும்போது சொல்லுங்கள், தண்டோடு தருகிறேன். ஆடிக் கொடை தொடங்கும் முன் திருப்பித் தந்தால் போதும்.

அப்புறம் எல்லாருக்கும் ஒரு வார்த்தை: எஸ்எம்58-ல் போலி நிறைய ஓடுகிறது. பெட்டி, பை, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருக்கும், பேசினால்தான் தெரியும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கை வைக்காதீர்கள். பில்லும் வாரண்டியும் தருகிற கடையில் வாங்குங்கள்.

கடையம்மொபைல்

பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிந்து கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வராதா? நானும் செய்யலாம் என்று நினைக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

அம்பைக்காரன்

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலேயே இடம் உண்டு. 2012-ல் வந்த திருத்தம் அது. லாப நோக்கம் இல்லாமல், அவர்களுக்கு மட்டும் சேரும்படி கொடுக்க வேண்டும். யூடியூபில் எல்லாருக்கும் பொதுவாக ஏற்றினால் அந்தச் சலுகை பொருந்தாது. 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தையும் பாருங்கள், தம்பி. ஏற்கெனவே இருக்கிற புத்தகத்தையே திரும்ப வாசிக்காமல் இல்லாததை எடுத்துச் செய்யலாம்.

பாளைவாசிப்பு (பெருமாள்புரம்)

அண்ணாச்சியிடம் மைக்கும் தண்டும் வாங்கி வந்தேன். தெரிந்த ஒரு பிள்ளையிடம் கண்டென்சர் செட் ஒன்றும் கிடைத்தது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், ஒரே பாடத்தை வாசித்துப் பார்த்தேன்.

அம்பைக்காரன் சொன்னபடிதான் இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் ஃபேன் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். கண்டென்சரை அதன் குட்டி ஸ்டாண்டில் வைத்து மேல்நோக்கித் திருப்பியதும் ஃபேன் "தட தட" என்று வந்து உட்கார்ந்துகொண்டது. கியூ2யூவைத் தண்டில் தொங்கவிட்டுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் ஃபேன் எங்கேயோ அடுத்த அறையில் ஓடுவது மாதிரி கேட்டது. மெத்தையை முதுகுப் பக்கம் சாய்த்து, பீரோவைத் திறந்து வைத்த பிறகு அந்த "டங்" போய்விட்டது. ஃபேனை ஒன்றாம் எண்ணில் ஓடவிட்டால் இரைச்சல் மைனஸ் 55 பக்கம் நிற்கிறது, நிறுத்தினால் மைனஸ் 60-க்குக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் ஃபேனைப் போட்டுக்கொண்டு, அடுத்த பத்திக்கு நிறுத்திவிட்டு வாசிக்கிறேன்.

சாரல்குரல் சொன்ன நுணுக்கம் கண்டென்சரில் எனக்கும் கேட்டது. "ஒளிச்சேர்க்கை" அதில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அறையும் அதே அழகோடு சேர்ந்து கேட்கிறது. கியூ2யூவில் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் ளகரமும் ழகரமும் பிரிந்து நிற்கின்றன, எனக்கு அது போதும். லேப்டாப்பில் கெயினை முக்கால்வாசி ஏற்ற வேண்டியிருக்கிறது. இரைச்சல் பெரிதாக இல்லை.

கியூ2யூவே சொல்லிவிட்டேன், ஒரு தண்டோடு. இரண்டும் சேர்ந்து பட்ஜெட்டுக்குள் முடிந்துவிட்டது. அண்ணாச்சி மைக்கில் பதிந்த மாதிரியை நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதையே ஒலிவாசகன் தம்பிக்கும் அனுப்பினேன்.

வள்ளியூர்காற்று

வாழ்த்துகள், டீச்சர். தோப்புக்குக் காலர் மைக்தான், ஆனால் வீட்டுக்குள் பேசுகிற வீடியோக்களுக்கு நானும் மெத்தையைச் சாய்த்துப் பார்க்கப்போகிறேன். அந்தத் தண்டு எந்த அளவுக் கிளாம்ப்? என் மேசைப் பலகை தடிமனானது.

நெல்லைஒலி (சவுண்ட் சர்வீஸ்)

மேசையின் தடிமனை அளந்து கொண்டு போங்கள், தம்பி. கிளாம்ப் எவ்வளவு திறக்கும் என்று கடையில் அளந்து பார்த்தே வாங்க வேண்டும். தேக்கு மேசை என்றால் அடியில் ரப்பர் துண்டு வைத்து இறுக்குங்கள், இல்லையென்றால் தடம் விழும்.

ஒலிவாசகன் (மேலப்பாளையம்)

டீச்சர், கேட்டுவிட்டேன். இரண்டு மடங்கு வேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கிறது. "வெப்பக் கடத்தல்", "வெப்பச் சலனம்" இரண்டும் குழம்பவே இல்லை. பழைய பதிவில் இந்த இடத்தில்தான் நிறுத்தி நிறுத்திக் கேட்பேன்.

இரண்டு சின்னக் கோரிக்கை. பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் "எழுபத்திரண்டாம் பக்கம் எடுங்கள்" என்றால் எங்களுக்கும் தெரிய வேண்டும். அட்டவணை வருகிற இடத்தில் மேலிருந்து கீழாக வாசிக்காமல் ஒவ்வொரு வரிசையாக வாசியுங்கள், தலைப்பையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்லுங்கள். "பொருள்: தாமிரம். கடத்தும் தன்மை: நற்கடத்தி" என்பது மாதிரி.

பாளைவாசிப்பு (பெருமாள்புரம்)

செய்துவிடுகிறேன், தம்பி. அட்டவணை உள்ள பாடத்தை நாளைக்கே திரும்ப வாசித்து அனுப்புகிறேன். படத்துக்கு விளக்கம் எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பாடம் முழுக்கப் படங்கள்தான்.